இடுப்பில் துவக்கு: மலையகம் எதைக் கேட்க வேண்டும்?

2025 பெப்ரவரி 19ஆம் திகதி, கொழும்பு புதுக்கடை நீதிமன்ற அறைக்குள்ளேயே பாதாளக் கோஷ்டித் தலைவன் கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டப் புத்தகம் ஒன்றின் தாள்களைத் துவக்கின் வடிவத்துக்கு வெட்டி, அந்தக் குழிக்குள் வைத்துக் கொண்டுபோயிருந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி வெலிகம பிரதேச சபைத் தவிசாளர் தன் அலுவலகத்தில் வைத்துச் சுடப்பட்டு இறந்தார். இரண்டுமே தேயிலைத் தோட்டத் தமிழர் வாழும் மலையகத்துக்குத் தூரத்துச் செய்திகள்தான். ஆனாலும் பேச்சு பஸ் ஏறி ஹட்டனுக்கும் பண்டாரவளைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. "பாதாளக் கோஷ்டிக்காரன்கிட்ட இருக்கு, பெரிய ஆளுங்ககிட்ட இருக்கு, முதலாளிமார்கிட்ட இருக்கு. நம்ம கையில மட்டும் கவ்வாத்துக் கத்தி. நமக்கும் ஒரு லைசன்ஸ் குடுத்தா என்ன?"

சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வி இல்லை இது. சாதாரண ஆள் ஒருவர் உடுப்புக்குள் துவக்கை மறைத்துக்கொண்டு வெளியில் நடமாடலாமா என்று அமெரிக்காவில் நாற்பது வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள். அங்கே இரண்டு பக்கமும் சொன்னதில் பாதியாவது நமக்கும் பொருந்துகிறது. பொருந்தாத மீதிப் பாதி என்ன என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இடுப்புத் துவக்கை நாம் கேட்கக் கூடாது, பயிர்க்காவல் துவக்கைக் கேட்க வேண்டும், ஆனால் ஆளுக்கொன்றாக அல்ல.

இப்போது இருக்கும் வழி

நம் நாட்டில் துவக்கு உரிமையல்ல, சலுகை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்துச் சரக்கு. அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிந்துவிடும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பயிர்க்காவலுக்கான நீண்ட துவக்கென்றால் மாவட்டச் செயலகம். தற்காப்புக்கான பிஸ்டல், ரிவோல்வர் என்றால் பாதுகாப்பு அமைச்சு. 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் ஆயுதம் பற்றி ஒரு வரியும் கிடையாது. ஆயுதத்தை விடுங்கள், வாழும் உரிமையே அங்கே வெளிப்படையாக எழுதப்படவில்லை. உயர் நீதிமன்றம்தான் தன் தீர்ப்புகள் வழியாக அதை உள்ளே கொண்டுவந்தது.

தற்காப்பு அனுமதி யார் யாருக்குக் கிடைத்து வந்தது என்பது ஊரறிந்த கதை: அரசியல்வாதி, பெரிய வியாபாரி, அவர்களுக்கு வேண்டியவர்கள். 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு, தான் கொடுத்திருந்த தற்காப்புத் துவக்குகளை மீளாய்வுக்காக வெலிசறைக் கடற்படை முகாமில் ஒப்படைக்கச் சொன்னது. மலையகத்தில் அந்த அறிவித்தலால் தூக்கம் கெட்டவர்களை எண்ண ஒரு கையே போதும் என்று நினைக்கிறேன்.

இந்த வழியின் பலம், துவக்கின் தொகை கட்டுக்குள் நிற்பது. பலவீனம், எல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் கையில் இருப்பது. "உமக்கு அப்படி என்ன ஆபத்து?" என்று அவர் கேட்பார். கொழும்பில் நகைக்கடை வைத்திருப்பவரின் பதில் அவர் காதில் ஏறும். பொகவந்தலாவையில் ஃபெக்டரி வேலை முடிந்து இருட்டில் மூன்று மலை தாண்டி, தோட்ட வரிசை வீடான லயத்துக்கு நடக்கிறவரின் பதில் ஏறாது. அதையும் அவர் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருக்கும்.

அமெரிக்கா போன வழி

வெர்மொண்ட் மாநிலத்தில் மறைத்துக் கொண்டுபோக எந்தக் காலத்திலும் அனுமதி தேவைப்பட்டதில்லை. மற்ற மாநிலங்கள் பலவும் நம்மைப் போல அதிகாரியின் விருப்பத்தில் விட்டிருந்தன. 1987இல் புளோரிடா அதை மாற்றியது: வயது, பயிற்சி, குற்றப்பதிவு இல்லாமை என்று நிபந்தனைகளை எழுதி வைத்து, அவற்றைப் பூர்த்தி செய்தவருக்கு அதிகாரி மறுக்க முடியாது என்றது. அந்தப் பாணி பரவியது. அடுத்து அந்த அனுமதியே தேவையில்லை என்ற நிலைக்குப் பல மாநிலங்கள் போய்விட்டன. 2024க்குள் அப்படி 29 மாநிலங்கள். 2022 ஜூன் 23ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், 'தக்க காரணம் காட்டு' என்று கேட்ட நியூயோர்க் மாநிலத்தின் நூற்றாண்டுப் பழமையான விதியைத் தள்ளுபடி செய்தது.

அந்த வழக்கில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த சங்கதி ஒன்று உண்டு. நியூயோர்க் விதி போக வேண்டும் என்று நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தவர்களில் ஏழைகளுக்காக வாதாடும் கறுப்பின வழக்கறிஞர்களும் இருந்தார்கள். துவக்கு மோகத்தால் அல்ல. அனுமதி வெள்ளைக்காரப் பணக்காரனுக்குக் கிடைக்கிறது, அனுமதி இல்லாமல் வைத்திருந்த குற்றத்துக்கு எங்கள் கட்சிக்காரர்கள் ஜெயிலுக்குப் போகிறார்கள் என்பது அவர்கள் வாதம். அதற்குப் பழைய உதாரணமும் இருக்கிறது. 1956 ஜனவரியில் மொண்ட்கொமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். அதற்குப் பிறகு துவக்கு கொண்டுபோக அவர் விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். வீட்டு வாசலில் குண்டு வெடித்தவருக்கே 'தக்க காரணம்' இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கும்?

மலையகத்தவருக்கு இது அந்நியக் கதையே இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அப்பன் பிறந்ததற்கும் பாட்டன் பிறந்ததற்கும் கடதாசி கொண்டுவா என்று கேட்டு லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. மிச்சமிருந்தவர்களின் கணக்குத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை போக வேண்டியிருந்தது. கந்தோர் மேசையின் மனம் எப்படி வேலை செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆகவே, அதிகாரியின் விருப்பத்தைப் பிடுங்கிவிட்டு எழுதிய நிபந்தனையை வைக்கும் புளோரிடா வழி, நீதி என்ற அளவில் நம்முடைய தற்போதைய வழியைவிட நேர்மையானது. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகு நடப்பது என்ன என்பதுதான் அடுத்த விஷயம். துவக்கு கூடினால் குற்றம் குறையும் என்று தொண்ணூறுகளில் ஒரு பொருளியலாளர் கணக்குக் காட்டினார். 2004இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுப் பேரவை, இருக்கும் தரவைக் கொண்டு அப்படி முடிவுகட்ட முடியாது என்றது. பிறகு ஸ்டான்ஃபோர்டின் ஜோன் டொனஹியூவும் உடன் ஆய்வாளர்களும், இந்தச் சட்டம் வந்து பத்து வருஷத்தில் வன்குற்றம், சட்டம் வராமல் இருந்திருந்தால் இருக்கக்கூடியதைவிட 13 முதல் 15 சதவீதம் வரை கூடுதலாக இருப்பதாகக் கண்டார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது.

தனிச் சம்பவங்களைப் பிடித்தால் இரண்டு பக்கத்துக்கும் கிடைக்கும். 2022 ஜூலையில் இண்டியானாவின் கிரீன்வுட் நகரத்துக் கடைத்தொகுதியில் சரமாரியாகச் சுட்டவனை, அங்கே சாமான் வாங்க வந்திருந்த இளைஞர் தன் பிஸ்டலால் வீழ்த்தினார். பல உயிர் தப்பியது. அதற்கு முந்தின வருஷம் கொலராடோவின் ஆர்வாடாவில், பொலிஸ்காரர் ஒருவரைக் கொன்றவனை இன்னொரு துணிச்சல்காரர் சுட்டு வீழ்த்தினார். அவன் கீழே போட்ட துவக்கை அவர் கையில் எடுத்திருந்த நேரத்தில் பொலிஸ் வந்தது. அவரையே கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றது.

ஆர்வாடாவில் அவர் இருந்த இடத்தில் நம் பையன் ஒருவனை வைத்துப் பாருங்கள். தமிழ்ப் பெயர், இருபத்துச் சொச்சம் வயது, இடுப்பில் பிஸ்டல், சட்டைப் பையில் அனுமதிப்பத்திரம். கினிகத்தேனைச் சந்தியில் பொலிஸ் பஸ்ஸை நிறுத்துகிறது. அந்தப் பத்திரத்தை அவன் வெளியில் எடுத்துக் காட்டும் வரைக்கும் பொறுத்திருப்பார்களா? 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் மலையகப் பிள்ளைகள் எத்தனை பேர் எவ்வளவு காலம் உள்ளே கிடந்தார்கள் என்று தெரிந்த எந்தத் தாயும் அந்தப் பிஸ்டலை வீட்டுக்குள் வர விடமாட்டாள். அனுமதிப்பத்திரம் எல்லாருக்கும் ஒரே கடதாசியாக இருக்கலாம். சோதனைச் சாவடியில் அதன் பெறுமதி ஆளுக்கு ஆள் மாறும்.

கும்பல் வந்தால்?

அரசு காப்பாற்றாது என்பதுதான் துவக்கு கேட்பவர்களின் முதல் வாதம். அதை மறுக்க மலையகத்தில் யாருக்கும் வாய் வராது. 1977, 1981, 1983 என்று தமிழருக்கு எதிரான கலவரங்கள். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளைக்குப் பக்கத்து பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து தமிழ் இளைஞர்களை வெட்டியும் எரித்தும் கொன்றது. இருபத்தைந்து பேருக்கு மேல் மடிந்தார்கள். ஆயுதத்தோடு பொலிஸ் பக்கத்திலேயே நின்றது. 2005இல் உயர் நீதிமன்றத்தோடு வழக்கும் முடிந்தது, யாருக்கும் தண்டனை நிலைக்கவில்லை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அவசரகாலச் சட்டம் 6ஆம் திகதிதான் வந்தது, எரிய வேண்டியவை எரியத் தொடங்கிய பிறகு.

சரி, திகனக் கடைக்காரர் ஒருவரின் மேசை இழுப்பறையில் பிஸ்டல் இருந்திருந்தால்? உள்ளே பத்துப் பன்னிரண்டு தோட்டா. வெளியே சில நூறு பேர். முதல் வெடிச் சத்தத்தோடு கல்லெறிந்தவன் பாதிக்கப்பட்டவனாகிவிடுவான். அடுத்த நாள் ஊர் முழுக்க 'அவங்கதான் சுட்டாங்க' என்ற ஒரே பேச்சாக இருக்கும். எரியாமல் இருந்த பக்கத்துத் தெருவும் எரியும். தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றனதான். அந்த உரிமையை நீதிமன்றத்தில் நிறுவ எத்தனை தவணை, எத்தனை லோயர் ஃபீஸ் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தனியாக வழிமறிக்கும் ஒருவனுக்கு எதிராகக் கைத்துவக்கு உதவலாம். நம் வரலாற்றில் நம்மை அழித்தது தனி ஆள் அல்ல, கும்பல்.

துவக்குப் பிடித்த கை எப்போதும் எதிர்ப்பக்கம்தான் இருந்தது, ஒரு தடவையாவது நம் பக்கமும் இருக்கட்டுமே என்று வாலிபர்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன், 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன்: இருவரும் பொலிஸ் சூட்டில் விழுந்தவர்கள். ஆனால் முல்லோயா விஷயத்தில் அரசாங்கம் விசாரணைக் குழு வைக்கத் தள்ளப்பட்டதற்கு, சுடப்பட்ட பக்கத்தில் துவக்கு இல்லாததும் ஒரு காரணம். கோவிந்தன் இடுப்பில் ரிவோல்வர் இருந்திருந்தால் அவர் பெயர் இன்று எந்த மே தின மேடையிலும் கேட்காது.

லயத்துக்குள் அதை எங்கே வைப்பீர்கள்?

புளோரிடாவில் இந்தப் பிரச்சினை இவ்வளவு கூர்மையாக எழாது. லயன் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு இஸ்தோப்பு, ஒரு அடுப்படி, பலகைத் தடுப்பு. பூட்டு உள்ள சாமான் என்று ஒரே ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும்; அதில்தான் பிறப்புச் சான்றிதழ், நகை அடகுத் துண்டு, பிள்ளையின் ஸ்கூல் ரிப்போட், பண்டிகைச் சேலை எல்லாம். சாவி எங்கே தொங்குகிறது என்று எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பக்கத்துக் காம்பராவில் தும்மினால் இங்கே கேட்கும். இந்த இடத்தில் நிரப்பிய பிஸ்டலை மறைத்து வைப்பது என்பது பேச்சுக்குத்தான் சரி.

சம்பள நாள் பின்னேரம் தவறணை மூடும் நேரத்தை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 மகளிர் நல்வாழ்வு ஆய்வின்படி, இந்த நாட்டில் துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையின் கையால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார். இன்றைக்கு அந்தச் சண்டையில் கைக்கு அகப்படுவது விறகுக் கட்டை. விறகுக் கட்டையடி பட்டவர் டிக்கோயா ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட வாய்ப்புண்டு.

இதைவிடப் பெரிய வாதம் நம் கையிலேயே இருக்கிறது, அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் லட்சத்துக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அந்த வருஷம் தொட்டு மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். பின்னால் பராகுவாட் என்ற களைகொல்லியும் போனது. இருபது வருஷத்தில் வீதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. மனிதர்களின் கவலை குறைந்துவிடவில்லை. கடனும் அப்படியே, குடியும் அப்படியே. ஆத்திரமோ வேதனையோ தலைக்கேறிய அந்த அரை மணி நேரத்தில் கைக்கெட்டிய பொருள் உயிரை எடுக்கக்கூடியதாக இல்லை, அவ்வளவுதான். பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். அமெரிக்காவிலோ துவக்கால் போகும் உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. மருந்துப் போத்தலை இத்தனை பாடுபட்டு வீட்டிலிருந்து வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் கொண்டுபோய்ப் பிஸ்டலை வைப்பதா?

அனுமதியே வேண்டாம் என்ற வெர்மொண்ட் வழியைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. பயிற்சி, பின்னணிச் சோதனை இரண்டும் போய்விட்டால் புளோரிடா வழியில் இருந்த நியாயமும் போய்விடுகிறது.

ஒன்றும் வேண்டாம் என்றால்?

எதிர்க்கோடியில் பிரித்தானியா இருக்கிறது. 1996 மார்ச்சில் டன்பிளேன் பாடசாலையில் பதினாறு பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருஷமே கைத்துவக்கைத் தடை செய்தார்கள். அதே 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் இறந்த பிறகு அவுஸ்திரேலியா ஆறரை லட்சம் அளவிலான துவக்குகளைக் காசு கொடுத்து வாங்கி உருக்கியது. கைத்துவக்கைப் பொறுத்தவரை எனக்கு இந்த வழிதான் சரியாகப் படுகிறது, அதுவும் எம்.பி.யில் தொடங்கி. மக்கள் பிரதிநிதிக்கு ஆபத்து உண்மையானால் பயிற்சி பெற்ற பொலிஸ்காரரைக் கொடுங்கள். அவர் இடுப்பில் சொந்தத் துவக்கைச் செருகிக்கொண்டு மேடையேறினால் கீழே நிற்பவனும் ஒன்றைத் தேடுவான்.

'நல்லவன் ஒப்படைப்பான், பாதாளக்காரன் ஒப்படைப்பானா?' என்று கேட்பார்கள். மாட்டான்தான். ஆனால் புதுக்கடையில் சுட்டவனுக்கு லைசன்ஸ் சட்டம் இறுக்கமா தளர்வா என்பது பொருட்டே இல்லை. அவனைப் பிடிக்க வேண்டியது புலனாய்வு. நம் ஆளுக்குப் பிஸ்டல் கொடுப்பதால் அந்த வேலை ஒரு அங்குலமும் நகராது.

பன்றிக்கு என்ன பதில்?

எல்லாத் துவக்கும் வேண்டாம் என்று முடித்துவிட முடியாததற்குக் காரணம் ஒன்றுதான். வெலிமடை, ஊவா பரணகமப் பக்கம் உருளைக்கிழங்கு போட்டவரைக் கேளுங்கள். இரவு பன்றிக் கூட்டம் ஒன்று இறங்கினால் விடியும்போது பாத்தி என்று ஒன்று இராது. மூக்கால் கிளறி வரம்பையும் கலைத்துப் போட்டிருக்கும், தின்றதைவிட மிதித்தது அதிகமாயிருக்கும். அடகு வைத்த காசில் வாங்கிய விதை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை அரசாங்கம் ஐந்து நிமிஷம் நாடு முழுக்கக் குரங்கையும் மயிலையும் மரஅணிலையும் எண்ணச் சொன்னது. இராத்திரி வரும் பன்றிக்குக் காலை எட்டு மணி எண்ணிக்கை ஒரு பதிலா என்று லயத்தில் சிரித்தவர்கள் பலர்.

துவக்கு இல்லாதவர் கைகட்டி நிற்பதில்லை. மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிளில் சுருக்கு வைக்கிறார். பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை விழுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபானத் தோட்டத்தில் அப்படித்தான் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று மரக்கறித் தோட்டச் சுருக்கில் கழுத்து மாட்டி, உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்காமல் செத்தது. இன்னும் மோசமானது கட்டுத்துவக்கு. குழாயும் வெடிமருந்தும் ஒரு நூலும்; நூல் பட்டால் வெடிக்கும். பன்றியின் நெஞ்சு உயரம் மனிதனின் முழங்கால் உயரம். விறகுக்குப் போகிற பெண்ணுக்கு நூல் எங்கே கட்டியிருக்கிறது என்று யார் சொல்வது? சட்டபூர்வமான வழியை மூடி வைத்தால் சட்டவிரோதத் துவக்கு எவர் கையிலும் இல்லாமல் தானே வெடிக்கும்.

ஆனால் பயிர்க்காவல் அனுமதிக்குப் போனால் முதலில் வருவது 'எந்தக் காணி?' என்ற கேள்வி. தோட்டத்து மூலையில் லீக்ஸும் கோவாவும் போட்டிருப்பவரிடம் காணி உறுதி ஏது? இருநூறு வருஷம் இந்த மண்ணைக் கொத்தியும் பாத்தியளவு நிலம் பெயரில் இல்லை. துவக்குக் கேள்வி கடைசியில் காணிக் கேள்வியில் வந்து முட்டுகிறது. அது போக, 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. அப்படிப்பட்ட சம்பளத்தில் தனியாளாய்த் துவக்கு வாங்கித் தோட்டாவும் வாங்குவது எப்படி?

அதனால்தான் ஆளுக்கொன்று வேண்டாம் என்கிறேன். தோட்ட டிவிஷனுக்கு ஒன்றோ இரண்டோ பன்னிரண்டு போர் (12 bore) நீண்ட துவக்கு, விவசாயச் சங்கத்தின் பெயரில். சட்டத்தில் அதற்கு இடம் செய்யச் சொல்ல வேண்டும். பயிற்சி எடுத்த இரண்டு காவல்காரர். இரும்புப் பெட்டி லயத்துக்குள் அல்ல, ஃபெக்டரியிலோ சங்கக் கட்டடத்திலோ. எத்தனை தோட்டா போனது, எத்தனை வெற்றுக் கூடு திரும்பியது என்று ஒரு கொப்பி. நீண்ட துவக்கை இடுப்பில் மறைக்க முடியாது. யார் தூக்கிக்கொண்டு எங்கே போகிறார் என்று ஊரே பார்க்கும். எனக்கு அதில் பாதி நிம்மதி. விண்ணப்பம் தமிழில் இருக்க வேண்டும், மறுத்தால் காரணம் எழுத்தில் தர வேண்டும். புளோரிடாக்காரரிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது இதைத்தான். பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அடித்தால் தமிழில் பேச ஆள் வேண்டும் என்பதையும் அதே மனுவில் சேர்க்கலாம்.

இதில் சிக்கல் வரப்போவது பெட்டிச் சாவியில். தோட்டத் துரை கையில் கொடுத்தால் பழைய காலம் திரும்பும். யூனியன் தலைவர் கையில் கொடுத்தால் மற்ற யூனியன்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான். இரண்டு பூட்டுப் போட்டு, ஒரு சாவி காவல்காரரிடமும் மற்றது மாதர் சங்கத்திடமும் இருக்கட்டும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். ஆண்கள் சிரித்தார்கள். பின்வரிசைப் பெண்களில் ஒருத்தி மட்டும், "சம்பள நாள் ராத்திரி சாவி எங்ககிட்ட இருந்தா நல்லதுதான்" என்றாள். அந்த யோசனை இன்னும் கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் எடுக்கப் போகிறேன்.